ஹாலே நகரின் விலங்குத் தோட்டமும் நம் நாட்டுப் பசுவின் பாலும்

சாலே நதிக்கரையில் அமைந்த ஹாலே நகரின் பெயர் தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஹாலேயில் பிராங்கே நிறுவிய கல்வி நிலையங்களோடு தொடர்புடையவர். அவர் வழிவந்தோர் சேர்த்து அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. இவற்றைப் பற்றி அன்பர்கள் பலர் அறிந்திருப்பர்.

அதே நகரில் நம் நாட்டோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. அது ஏட்டைப் பற்றியதன்று, மாட்டைப் பற்றியது. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஹாலேயில் ஒரு பேராசிரியர், கோயில் நந்தியின் முதுகில் நாம் காணும் அதே திமிலை உடைய மாட்டினத்தை ஐரோப்பிய மாடுகளுக்கு அருகே கட்டி வளர்த்து ஆராய்ந்தார். "எங்கள் பசுவின் பால் வேறு, இந்த நாட்டுப் பால் வேறு" என்ற பேச்சு நம்மவர் வீடுகளிலும் கோயில் மடப்பள்ளிகளிலும் அடிக்கடி எழுகின்ற இந்நாளில், அவ்வாராய்ச்சியையும் அதன் பின் பிறந்த அறிவையும் தெரிந்துகொள்வது பயனுடையதாகும்.

பண்ணையில் இருந்து வந்த பேராசிரியர்

யூலியுஸ் கியூன் 1825ஆம் ஆண்டு சக்சனி நாட்டின் புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் அவர் கற்றது பண்ணைகளில். சைலீசியாப் பகுதியில் பெரிய நிலக்கிழார் ஒருவரின் பண்ணையைப் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்தார். பயிரில் வரும் நோயையும் தொழுவத்தில் நிற்கும் மாட்டின் தீனியையும் நாள்தோறும் நேரிற் கண்டு குறித்து வைத்தார். முப்பது வயதை எட்டிய பின்னரே பொன் நகருக்கு அண்மையிலிருந்த விவசாயக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1857இல் லைப்சிக் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. மறு ஆண்டே பயிர் நோய்கள் பற்றியும், 1861இல் மாட்டின் தகுந்த உணவு பற்றியும் நூல்களை வெளியிட்டார். இரண்டாவது நூல் பல பதிப்புகள் கண்டு பண்ணையாளர் கையேடாக விளங்கிற்று.

அந்நூலின் சிறப்பு யாதெனில், தீனியைக் கூடைக் கணக்கில் எண்ணாமல் அதில் அடங்கிய புரதம், கொழுப்பு, மாப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டதாகும். அதற்கு முன் எந்தத் தீனியையும் "இத்தனை இறாத்தல் வைக்கோற்புல்லுக்குச் சமம்" என்று அளப்பதே வழக்கம். இரசாயனம் வளர்ந்த காலத்தில் அந்த அளவு போதாது என்று கண்ட அறிஞர்களுள் கியூன் ஒருவர். ஆய்வுகூடக் கணக்கையும் தொழுவ அனுபவத்தையும் ஒன்றாகப் பிணைத்தது அவர் திறமை.

1862இல் ஹாலேப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. மறு ஆண்டு அங்கே விவசாய நிலையம் தோன்றிற்று. அதுவரை விவசாயக் கல்வி ஜேர்மனியில் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, பண்ணைகளோடு இணைந்த தனிக் கல்லூரிகளிலேயே நடந்து வந்தது. வைத்தியம், சட்டம், தத்துவம் படிப்போர் நடுவே மாட்டையும் எருவையும் ஒரு பாடமாக்கியதில் சிலருக்கு முகச்சுழிப்பு இருந்திருக்கலாம். எனினும் மாணவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தனர்.

அவருடைய பொறுமைக்கு ஒரு சான்று கூறலாம். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் "ரொக்கன்" என்னும் தானியத்தையே விதைத்தால் மண் எத்தனை காலம் தாங்கும் என்று அறிய 1878இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அந்தப் பரிசோதனை வயல் ஹாலேயில் இன்றும் உழப்படுகின்றது. தொடங்கியவர் 1910இல் மறைந்துவிட்டார். கேள்வி மட்டும் வயலில் நிற்கின்றது.

விலங்குகளிடமே கேட்ட கேள்வி

நிலையம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், அதாவது 1865இல், கியூன் அதன் அருகே வீட்டு விலங்குத் தோட்டம் ஒன்றை அமைத்தார். வேடிக்கை பார்ப்பதற்கான மிருகக்காட்சிச் சாலையன்று அது. வெவ்வேறு நாட்டு ஆடுகளும் மாடுகளும் அவற்றுக்கு உறவான காட்டு விலங்குகளும் அங்கே அருகருகே வாழ்ந்தன. ஐரோப்பிய மாடுகளோடு திமிலுடைய கீழ்நாட்டு மாடும், திபேத்தின் யாக் எருதும், அசாம், பர்மா மலைப்பகுதிகளில் வாழும் கயால் என்னும் பெரிய மாடும் இருந்தன. செம்மறிகளின் பக்கத்தில் முஃப்ளோன் என்னும் காட்டுச் செம்மறி நின்றது.

அவர் எழுப்பிய கேள்வி எளியது. வீட்டு விலங்குகள் எந்தக் காட்டு விலங்கிலிருந்து வந்தவை? எது எதோடு இனம் சேரும்? சேர்ந்தால் பிறக்கும் கன்று மேலும் ஈனுமா? டார்வினின் பெருநூல் 1859இல் வெளிவந்து அறிஞர் உலகம் இரண்டுபட்டு வாதாடிய காலம் அது. திமில் மாடும் திமிலில்லா மாடும் ஒரே இனமா, இரு இனங்களா என்பதும் அவ்வாதங்களில் ஒன்று. எலும்பை அளந்து சிலர் ஒன்று சொன்னார்கள், பழைய நூல்களைப் புரட்டிச் சிலர் வேறொன்று சொன்னார்கள். கியூன் விலங்குகளையே சேர்த்து வைத்து, பிறந்த கன்றுகளையும் அவற்றின் கன்றுகளையும் தலைமுறையாகப் பதிந்து வைத்தார். இறந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளும் மண்டையோடுகளும் சேர்த்து வைக்கப்பட்டன. அவையே பின்னர் அவர் பெயர் தாங்கிய வீட்டு விலங்கு அரும்பொருட் சாலையாக வளர்ந்தன.

அத்தகைய ஆராய்ச்சிகளால் இன்று உறுதியாக அறியப்பட்டது இதுவாகும். திமில் மாடும் ஐரோப்பிய மாடும் சேர்ந்து ஈனும் கன்று, ஆணாயினும் பெண்ணாயினும், குறைவின்றி இனம் பெருக்கும். யாக்கோடும் கயாலோடும் மாடு சேர்ந்தால் முதல் தலைமுறைப் பெண் கன்று ஈனும், ஆண் கன்று மலடாகும். ஆகவே திமில் மாடும் ஐரோப்பிய மாடும் அத்துணை நெருங்கிய உறவு உடையவை.

ஒரு தற்செயலான ஒற்றுமையையும் இங்கே குறிப்பிடலாம். ஹாலேயில் தோட்டம் தோன்றிய அதே 1865ஆம் ஆண்டிற்றான் புருன் நகரத்துத் துறவி மெண்டல், பட்டாணிச் செடிகளில் தாம் கண்ட பரம்பரை விதிகளை ஒரு சிறு சபையில் படித்தார். 1900ஆம் ஆண்டு வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை. கியூன் தம் வாழ்நாளின் பெரும் பகுதியில், பரம்பரை அலகு என்ற எண்ணமே இல்லாமல், கண்ணையும் குறிப்பேட்டையும் மட்டுமே நம்பி உழைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

பிற்கால ஆராய்ச்சி இவ்வுறவின் வயதையும் காட்டியுள்ளது. ஐரோப்பிய மாட்டின் முன்னோர் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதரோடு வாழப் பழகினர். திமில் மாட்டின் முன்னோர் அதன் பின்னர் சிந்து வெளியை ஒட்டிய பலுச்சிஸ்தான் பகுதியில் தனியே பழக்கப்பட்டனர். அவ்விரு காட்டுக் கூட்டங்களும் அதற்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. ஆகவே இரண்டும் வேறு என்று வாதிட்டவர் சொல்லிலும் ஓர் உண்மை இருந்தது, உறவு என்றவர் சொல்லிலும் ஓர் உண்மை இருந்தது. நம் பசு தனி வரலாறு உடையது. ஆயினும் அது உறவற்ற வேற்றுப் பிறவியன்று.

பாலின் தரம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

தீனியா, இனமா என்பது பழைய கேள்வி. இரண்டும் என்பதே விடை. ஆனால் பங்கு வேறு. ஒரே வகையாகப் பராமரிக்கப்படும் பசுக்களுக்கிடையே பாலின் அளவு வேறுபடுவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கொழுப்பு வீதமும் புரத வீதமும் வேறுபடுவதில் அதன் பங்கு ஏறத்தாழ பாதி. எனவே நல்ல தீனி செம்பை நிறைக்கும். செம்பில் உள்ளது தடிப்பா, நீர்த்ததா என்பதில் தாய் தந்தை வழி பெரிதும் பேசும். கறுப்பு வெள்ளை ஹொல்ஸ்ரைன் பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 அளவில் இருக்கும். ஜேர்சிப் பசுவில் 5க்கு மேல், எருமையில் 7 அளவில். திமில் மாட்டின் பால் பொதுவாக ஹொல்ஸ்ரைன் பாலிலும் தடிப்பானது.

"ஊர்ப் பால் தடிப்பு" என்ற நம் தாய்மாரின் சொல் வெறும் ஊர்ப்பற்றன்று என்பதை 2002ஆம் ஆண்டிற் கண்ட ஓர் உண்மை விளக்குகின்றது. பாற்கொழுப்பை உண்டாக்கும் நொதியம் ஒன்றுக்குரிய பரம்பரை அலகில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கொழுப்பைக் கூட்டிப் பாலின் அளவைச் சற்றுக் குறைக்கும். மற்றது அதற்கு மாறானது. திமில் மாடுகளில் முதல் வகையே பெரும்பாலும் காணப்படுகின்றது. ஹொல்ஸ்ரைன் பசுவில் இரண்டும் கலந்திருக்கும்.

பிள்ளைக்கு ஏற்ற பால்

பாலின் தரத்தை மாட்டுக்கு மாடு ஒப்பிடுவதற்கு முன், பால் யாருக்காகச் சுரக்கின்றது என்று கேட்டவர் பாசல் நகரத்துப் பேராசிரியர் பூங்கே. அவருடைய மாணவர் எமில் அப்டர்ஹால்டன் பின்னாளில் ஹாலேக்கு வந்தவர். பிறந்த குட்டி தன் நிறையை இரட்டிப்பாக்க எடுக்கும் நாட்களையும் தாய்ப்பாலின் புரதத்தையும் அவர்கள் வரிசைப்படுத்திக் காட்டினர். முயற்குட்டிக்கு 6 நாள். கன்றுக்கு 47 நாள், பசும்பாலில் புரதம் நூற்றுக்கு 3.5. மனிதக் குழந்தைக்கு 180 நாள், தாய்ப்பாலில் புரதம் 1.6 என்று அன்று கணித்தனர். இன்றைய கணக்கில் அது இன்னும் குறைவு. விரைந்து வளரும் உயிருக்குச் செறிந்த பால், மெல்ல வளரும் உயிருக்கு மென்மையான பால்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர்கள் கூறுவதன் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. அது எந்த நாட்டுப் பசுவின் பாலாயினும் சரியே.

இதே அப்டர்ஹால்டனின் வாழ்க்கை இன்னொரு பாடத்தையும் தருகின்றது. அந்நியப் புரதம் இரத்தத்தில் நுழைந்தால் அதற்கென்றே தனி நொதியங்களை உடல் உண்டாக்கும் என்றும், அதனால் கருப்பத்தைக்கூட இரத்தப் பரிசோதனையில் அறியலாம் என்றும் அவர் அறிவித்தார். 1911இல் ஹாலேயில் பேராசிரியராக அமர்ந்த பின்னும் அக்கொள்கையைப் பல ஆண்டுகள் வளர்த்தார். நூற்றுக்கணக்கானோர் அதைப் பின்பற்றி எழுதினர். மிக்கேலிஸ் என்ற விஞ்ஞானி தாம் செய்து பார்த்தபோது அது பலிக்கவில்லை என்று 1914இல் எழுதினார். ஜேர்மனியில் தகுந்த பதவி கிட்டாத அவர் 1922இல் ஜப்பானுக்குச் சென்றார். முடிவில் மிக்கேலிஸ் சொன்னதே உண்மையாயிற்று. அந்த நொதியங்கள் இல்லவே இல்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு புரதத்தின் மீது பெரிய கோட்டை கட்டினால் என்ன நேரும் என்பதற்கு இது சான்றாகும்.

ஏ1, ஏ2 என்னும் வாதம்

இந்த எச்சரிக்கையோடு இன்றைய வாதத்துக்கு வரலாம். பாற்புரதங்கள் பசுவுக்குப் பசு வேறுபடும் என்றும், அவ்வேறுபாடு பரம்பரையாக வரும் என்றும் 1955இல் இங்கிலாந்தில் அஷாஃபன்பர்க், ட்ரூரி ஆகிய இருவர் கண்டனர். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அதில் பீட்டா கேசீன் என்பது 209 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அம்மாலையின் 67ஆம் மணி புரோலினாக இருந்தால் ஏ2 வகை, ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1 வகை. வேறுபாடு இந்த ஒரு மணியிற்றான். புரோலின் வகையே பழையது. எருமை, ஆடு, திமில் மாடு ஆகியவற்றில் அதுவே பெரும்பாலும் உண்டு. ஏ1 வகை ஐரோப்பிய மாட்டினங்களிற் பின்னர் தோன்றிப் பரவியது.

ஏ1 வகை செரிக்கும்போது ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு எளிதில் விடுபடும். அத்துண்டு நீரிழிவு, இருதய நோய், மனவளர்ச்சிக் குறைபாடு முதலியவற்றுக்குக் காரணமாகலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. 2000ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தில் ஏ2 பாலை விற்பதற்கென்றே ஒரு கம்பனி தோன்றிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சான்றுகளை எல்லாம் ஆராய்ந்து, அத்துண்டுக்கும் இந்நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2009இல் அறிவித்தது. ஏ2 பால் குடித்தவர்க்கு வயிற்று உபாதை சற்றுக் குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. அவற்றுட் சில பாலை விற்கும் கம்பனியின் பணத்தில் நடந்தவை. மேலும் ஆராய இடமுண்டு. நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய இடமில்லை.

நம்மவர் கவனிக்க வேண்டியவை சில உள. முதலாவது, ஏ2 என்பது திமில் மாட்டின் முத்திரையன்று. கறுப்பு வெள்ளைப் பசுக்களிலும் பல ஏ2 வகையின. தகுந்த காளையைத் தெரிந்தெடுத்து ஜேர்மனியிலும் அத்தகைய மந்தைகளை உருவாக்குகின்றனர். இரண்டாவது, தென்னிந்தியரிலும் இலங்கையரிலும் பலருக்கு வளர்ந்த பின் லக்ரோஸ் என்னும் பாற்சர்க்கரை சரிவரச் செரிப்பதில்லை. வட ஜேர்மனியர் பெரும்பாலோர்க்கு அக்குறை இல்லை. இந்நாட்டுப் பால் வயிற்றைப் பொருமச் செய்கிறது என்று சொல்வோர் பலர்க்கு உண்மைக் காரணம் இதுவாக இருக்கலாம். பாற்சர்க்கரை ஏ1 பாலிலும் ஏ2 பாலிலும் ஒரே அளவு. இதற்கு மருந்து விலையுயர்ந்த போத்தலில் இல்லை, நம் பாட்டிமார் தோய்த்த தயிரிலும் கடைந்த மோரிலும் உண்டு. மூன்றாவது, பாற்புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஏ2 பாலும் ஆபத்தானதே. இதில் பெற்றோர் விளம்பரத்தை நம்பாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

திமிலில் சூரிய நாடி ஓடுகிறது, அதனாற் பாலில் தங்கம் சேர்கிறது என்ற பேச்சும் பரவியுள்ளது. திமில் என்பது தசையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மேடு. நந்தியின் பெருமைக்கு அந்தத் தங்கம் தேவையில்லை.

உண்மையான பெருமை

நம் மாட்டுக்கு உண்மையான பெருமை வேறு உண்டு. வெயிலைத் தாங்கும், உண்ணியை எதிர்க்கும், வறண்ட புல்லிலும் உயிர் வாழும். அம்பேவலையின் குளிரில் நன்கு வாழும் ஐரோப்பியப் பசு யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் முதலிய தமிழ்நாட்டு இனங்கள் ஏருக்கும் வண்டிக்குமே வளர்க்கப்பட்டவை. அவற்றின் கறவை குறைவு என்று பழிப்பது உழவு எருதை ஓட்டப் பந்தயத்தில் தோற்றது என்று பழிப்பது போலாம். உழவு இயந்திரம் வந்தபின் அவற்றுக்கு வேலை குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது. ஈழத்திலோ இடப்பெயர்வுகளின்போது எத்தனையோ குடும்பங்கள் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கண்ணீரோடு புறப்பட்டன.

நம் இனங்களின் மதிப்பைப் பிரேசில் நாடு நன்கு உணர்ந்தது. குஜராத்தின் கீர் மாட்டையும் ஆந்திரத்தின் ஓங்கோல் மாட்டையும் கொண்டுசென்று பெருக்கினர். கீரையும் ஹொல்ஸ்ரைனையும் கலந்து உண்டாக்கிய ஜிரோலாண்டோ இனம் அந்நாட்டுப் பாலின் பெரும்பகுதியைத் தருகின்றது. வெயில் தாங்கும் வலிமை ஒன்றிலிருந்து, கறவை மற்றதிலிருந்து. ஹாலேத் தோட்டத்தில் அருகருகே நின்ற இரு வகை மாடுகளின் உறவு அங்கே நாட்டளவில் பயன் தருகின்றது. ஆயினும் கலப்பதற்குத் தூய இனம் கையில் இருக்க வேண்டும். அது அழிந்தபின் எந்த ஆய்வுகூடமும் அதைத் திருப்பித் தராது. இன்று நம் நாட்டு இனங்களுக்குத் தேவை அதிசயக் கதைகளன்று, தீனியும் மேய்ச்சல் நிலமும் நல்ல காளைகளுமே. உதவ விரும்பும் அன்பர்கள் அதிசயப் போத்தலுக்குக் கொடுக்கும் பணத்தை ஊரில் நாட்டு மாடு வளர்ப்போருக்குக் கொடுத்தால் அது உண்மையான கோசேவையாகும்.

கியூனின் விலங்குத் தோட்டம் இன்று இல்லை. விவசாயப் பீடம் நகரின் வேறு பகுதிக்குச் சென்றுவிட்டது. ஸ்ரைன்ரோர் அருகேயுள்ள பழைய நிலத்தில் மொழியும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் நடமாடுகின்றனர். பயிர் ஆராய்ச்சிக்கான ஜேர்மன் அரசின் நிறுவனம் 2008 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் விட்டுச்சென்ற வழியும் நிற்கின்றது. நூல் சொன்னது, பெரியவர் சொன்னார், ஊர் சொன்னது என்று நில்லாமல், தொழுவத்துக்குச் சென்று விலங்கைப் பார்த்து, அளந்து, எழுதி வைத்து, பிறகு பேசுவதே அவ்வழி. கோமாதா என்று பசுவைப் போற்றும் மரபினர்க்கு அவ்வழி அந்நியமன்று. வணங்கப்படும் பொருளைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்வதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. அபிடேகத்துக்குக் கொண்டுவரும் பால் ஹாலேக்கு அருகே மேய்ந்த கறுப்பு வெள்ளைப் பசுவினதாயினும், அதுவும் ஒரு தாய் தன் கன்றுக்கெனச் சுரந்ததே.